மனம் தளரும்போது எந்தக் கதவைத் தட்டுவது? பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் சேருகிறவருக்கு நூலக அட்டை எங்கே வாங்குவது, கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்கள். மனம் சரியில்லாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது, உள்ளே போய் என்ன பேசுவது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அறிமுகக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு காட்டியிருப்பார்கள். அது தனக்குத் தேவைப்படும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் உலக மனநல ஆய்வுத் திட்டத்தின்கீழ் 8 நாடுகளில் 19 கல்லூரிகள், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 35 பேரிடம், வாழ்நாளில் எப்போதாவது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன. 31 பேருக்கு அது கடந்த 12 மாதங்களிலும் இருந்தது. வயதும் இதற்குக் காரணம். வாழ்நாளில் வரக்கூடிய மனநலக் கோளாறுகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. வீட்டைவிட்டு வந்து, தூங்கும் நேரம் மாறி, புதிய மனிதர்கள் நடுவே, புதிய பாடங்களோடு மல்லுக்கட்டும் அதே ஆண்டுகள்தான் இவை.

இத்தனை பேருக்கு வருகிறதே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று வாதாட நான் வரவில்லை. வெட்கம் வரத்தான் செய்யும். வெட்கத்தோடேயே போகலாம். மாணவர்களோடு பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: பல பேருக்கு நோய் செய்த கெடுதலைவிடத் தாமதம் செய்த கெடுதல் பெரிது. ஏதோ சரியில்லை என்று தனக்கே தெரிந்த நாளுக்கும், அதை முதன்முதலாக இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்ன நாளுக்கும் நடுவில் ஒரு செமஸ்டரே போய்விடுகிறது. அந்த இடைவெளியைச் சில நாள்களாகக் குறைப்பதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை

சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையம் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது என்று நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரைபடத்தில் பார்த்தால் போதாது. மனம் சோர்ந்து கிடக்கும் நாளில், தெரியாத கட்டடத்துக்குள் நுழைந்து, தெரியாத ஒருவரிடம் "கவுன்சலிங் எங்கே?" என்று கேட்பது மலையைப் புரட்டுவதுபோல் இருக்கும். ஏற்கெனவே பார்த்த கதவு என்றால் சுமையில் பாதி குறைந்துவிடும்.

போனது போனீர்கள், வரவேற்பு மேசையில் நான்கு விஷயம் கேட்டு வாருங்கள். முன்பதிவு செய்வது எப்படி? கட்டணம் உண்டா? ஒரு மாணவருக்கு எத்தனை அமர்வு தருவார்கள்? இரவிலும் விடுமுறை நாளிலும் யாரை அழைக்க வேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். நெருக்கடி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. அந்த எண்ணையும், உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணையும், ஆம்புலன்ஸ் எண்ணையும் அன்றைக்கே போனில் பதிந்துவிடுங்கள். உதவி எண்ணைப் பதியும் முன் அது இப்போதும் இயங்குகிறதா என்று அரசின் அல்லது அந்தச் சேவையின் சொந்த இணையதளத்தில் சரிபாருங்கள். பழைய எண்கள் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆலோசனை மையமே இல்லாத கல்லூரிகளும் உண்டு. அங்கே சேர்ந்தவர்கள், அருகில் எந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, எந்தெந்தக் கிழமைகளில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. புதிய இடம், புதிய வாழ்க்கை, இனி மருந்து வேண்டாம் என்று பலருக்குத் தோன்றும். அந்த எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இடம் மாறும் மாதம் மருந்தை நிறுத்திப் பார்ப்பதற்கு ஏற்ற மாதமல்ல. பழைய மருத்துவரிடமிருந்து மருந்துச் சீட்டும், நோயின் விவரம் எழுதிய கடிதமும், குறைந்தது ஒரு மாதத்துக்கான மாத்திரையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்த மாத்திரை தீர்வதற்குள் புதிய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இது வெறும் சோர்வா, அதற்கும் மேலா?

வீட்டு நினைப்பு எல்லோருக்கும் வரும். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அழுகை வரும். எல்லோரும் கெட்டிக்காரர்கள், நான் மட்டும் தவறிப்போய் இங்கே வந்துவிட்டேன், ஒரு நாள் மாட்டிக்கொள்வேன் என்ற எண்ணமும் நிறையப் பேருக்கு உண்டு. நன்றாகச் சாதித்த பெண்களிடமே இது ஊறிக் கிடப்பதைப் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதினார்கள். இவையெல்லாம் வந்து போகும். நல்ல செய்தி கேட்டால் குறையும், நண்பர்களோடு இருந்தால் மறக்கும்.

மனச்சோர்வு அப்படிப் போவதில்லை. மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல் இரண்டு வாரம். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மனம் கனத்துக் கிடக்கிறதா, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போய்விட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். அதோடு தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது, பசி மாறுவது, அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பது, உடலும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் கேட்பார்கள். முதல் இரண்டையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. அவற்றில் குறைந்தது ஐந்து இருந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால் அதை மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க இடமுண்டு.

இந்த ஒன்பதையும் கேள்விகளாக்கியதுதான் பி.எச்.கியூ-9 என்ற படிவம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. ஐந்து வந்தால் லேசானது, 10 வந்தால் நடுத்தரம், 15 வந்தால் கடுமையை நோக்கிப் போகிறது, 20 வந்தால் கடுமை. பதற்றத்துக்கு இதேபோல் ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 இருக்கிறது. அதற்கு மொத்தம் 21. இரண்டில் எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள். பி.எச்.கியூ-வின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும்.

படிவம் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லாது, போய்ப் பார்க்கச் சொல்லும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பயன் உண்டு. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று தொடங்கத் திணறுகிறவருக்கு, "பி.எச்.கியூ-வில் 14 வந்தது" என்று தொடங்குவது எளிது.

மனம் என்று தோன்றாமல் உடல் என்று தோன்றுவதும் உண்டு. தேர்வுக் காலத்தில் ஓயாத வயிற்று வலி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. சில ஆண் பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சலும் கோபமும் முன்னால் வந்து நிற்கும். திடீரென்று இதயம் அடித்துக்கொண்டு, கை விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம் வந்து, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்தால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். முதல் முறை வரும்போது அப்படித்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு, படபடப்பு போல வேஷம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டு நிலைகளுக்கு ஆலோசகர் போதாது, மனநல மருத்துவரிடம் உடனே போக வேண்டும். ஒன்று, காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற நம்பிக்கை, பேச்சில் தொடர்பு அறுந்துபோவது. இன்னொன்று, பல நாள்களாகத் தூக்கமே தேவைப்படாமல், அளவுமீறிய உற்சாகத்தோடு, நிறுத்தாமல் பேசி, கையிலுள்ள பணத்தையெல்லாம் வாரி இறைப்பது. இரண்டும் பெரும்பாலும் பதின்வயதின் இறுதிக்கும் இருபதுகளின் நடுவுக்கும் இடையில்தான் முதன்முதலாக வெளிப்படுகின்றன. சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் மீள்வதற்கான வாய்ப்பு கூடும்.

முதல் ஆளிடம் சொல்வது

சொல்வதற்குச் சரியான ஆள் யார் என்று யோசித்தே நாள் போகும். சரியான ஆள் வேண்டாம், கைக்கெட்டிய ஆள் போதும். அறைத்தோழர், அக்கா, வகுப்பு ஆலோசகர், ஹாஸ்டல் வார்டன், யாராக இருந்தாலும் சரி. முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. நேரில் வாய் வரவில்லையா, மெசேஜ் அனுப்புங்கள். இப்படி:

"ரெண்டு வாரமா எனக்கு மனசு சரியில்ல. தூக்கமும் இல்ல. கவுன்சலிங் போகலாம்னு இருக்கேன், தனியா போகத் தயக்கமா இருக்கு. நாளைக்கு என்கூட வர்றியா?"

இதில் இரண்டு வேலை நடக்கிறது. என்ன பிரச்சினை என்று எதிராளிக்குத் தெரிகிறது, தான் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது. "எனக்கு வாழவே பிடிக்கல" என்று மட்டும் அனுப்பினால் படிக்கிறவர் பயந்துபோய் என்ன பதில் எழுதுவது என்று விழிப்பார். அவருக்கும் உங்கள் வயதுதானே. கூட வருவதுபோல அவர் செய்யக்கூடிய வேலை ஏதாவது கொடுங்கள்.

முதலில் சொன்ன ஆள் "இதெல்லாம் ஒண்ணுமில்ல, தைரியமா இரு" என்று முடித்துவிட்டால் மனம் ஒடியும். அப்போது இரண்டாவது ஆளிடம் போங்கள். அந்தப் பதில் அவருக்கு இது தெரியவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

ஆலோசகரின் அறைக்குள்

பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் படிவம் ஒன்று தருவார்கள். பெயர், துறை, தூக்கம், பசி, மது, முன்பு எடுத்த சிகிச்சை, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்பன போன்ற கேள்விகள் இருக்கும். மறைக்காமல் எழுதுங்கள். பிறகு அறை. சாதாரணமாக இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி. ஆலோசகர் முதலில் ரகசியம் பற்றிப் பேசுவார்: நீங்கள் சொல்வது இந்த அறையைவிட்டுப் போகாது, ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால், தேவையான அளவு வெளியே சொல்ல வேண்டியிருக்கும். அவராகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "என் துறைக்குத் தெரியுமா? வீட்டுக்குச் சொல்வீர்களா? என் மதிப்பெண் பதிவில் இது ஏறுமா?" இந்த மூன்றையும் வெளிப்படையாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பலருக்குப் பேச்சே வருகிறது. கேட்பதில் தவறே இல்லை.

பிறகு, "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்பார். இந்தக் கேள்வியில்தான் தொண்டை அடைக்கும். முந்தின இரவே ஐந்தாறு வரி எழுதிக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, எது மோசமாகிறது, எந்த வேலை நின்றுபோனது. வாய் வராவிட்டால் காகிதத்தை அப்படியே நீட்டலாம். அழுகை வந்தால் அழலாம். அவர்களுக்கு அது அன்றாடம் பார்ப்பதுதான். ஒரு அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். முதல் அமர்வு முழுக்கக் கேள்வியாகத்தான் போகும். வெளியே வரும்போது "ஒன்றும் தீரவில்லையே" என்று தோன்றும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போங்கள். அதற்குப் பிறகும் இவரிடம் மனம் திறக்கவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

யார் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆலோசகர் பேசி வழிகாட்டுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்து, முறையான உளவியல் சிகிச்சை தருவார். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். ஒருவருக்கு இவர்களில் இருவர் சேர்ந்து தேவைப்படுவது சாதாரணம். உளவியல் சிகிச்சைகளில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நம்மைக் கீழே தள்ளும் எண்ணங்களையும் பழக்கங்களையும் அடையாளம் கண்டு மாற்றப் பழக்குவது அது. வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு. வீட்டுப்பாடமும் உண்டு. செய்கிறவர்களுக்குப் பலன் கூடுதல்.

காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால், "யாராவது ரத்து செய்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். குழு அமர்வுகள் உண்டா என்று கேளுங்கள். பொது மருத்துவரும் தொடக்கச் சிகிச்சை தர முடியும். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி அழைத்து "முன்பைவிட மோசம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

மருந்து எழுதிக் கொடுத்தால்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முதலில் தருவது பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ என்ற வகை மனச்சோர்வு மருந்துகள்: ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை. இவற்றில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் ஆகியவை முதல் வாரத்தில் தெரியும், பலருக்குத் தானே குறையும். மனம் தேறுவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாள் "இது எனக்குச் சரிப்படாது" என்று நிறுத்துகிறவர்கள் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வரும் முன் இறங்கிவிடுகிறார்கள்.

25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. முதலில் 2004-இல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், பிறகு 2007-இல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும். மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. தொடக்க வாரங்களில் மருத்துவரை ஒழுங்காகப் பார்க்க வேண்டும், கூட இருப்பவர் ஒருவருக்கு மருந்து தொடங்கியது தெரிந்திருக்க வேண்டும், தவிப்பு கூடினால் அன்றைக்கே அழைக்க வேண்டும்.

நன்றாக ஆனபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்படி மெல்லக் குறைத்துத்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளுக்கு உடல் பழகிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள்களுக்கு மட்டும். நண்பரிடமிருந்து ஒன்றிரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஹாஸ்டல்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

படிப்பைக் காப்பாற்றுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாணவருக்கு மட்டும் உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாணவி செவ்வாய்க்கிழமைக் காலை எழ முடியாமல் ஒரு வகுப்பை விடுகிறாள். வியாழக்கிழமை போகலாம், ஆனால் போன வகுப்பில் நடந்தது புரியாதே, ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று அதையும் விடுகிறாள். அடுத்த வாரம் அசைன்மென்ட் தேதி தாண்டுகிறது. ஆசிரியரின் மின்னஞ்சல் வருகிறது. அதைத் திறக்கப் பயம். திறக்காத மின்னஞ்சல் பத்தாகிறது, போனை எடுக்கவே பயம். இப்போது மனச்சோர்வுக்கு ஓர் உண்மையான காரணமும் சேர்ந்துவிட்டது, படிப்பு நிஜமாகவே கைநழுவுகிறது. ஒவ்வொரு முறை தவிர்த்தபோதும் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தவிர்க்க வைத்தது.

இந்தச் சுழலை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். விட்டுப்போன வகுப்புகளையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வகுப்புக்குப் போவேன் என்று நினைக்காதீர்கள். அது நடக்காது. ஒன்றும் புரியாவிட்டாலும் அடுத்த வகுப்பில் போய் உட்காருங்கள். திறக்காத மின்னஞ்சல்களை ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறங்கள். அவரே படித்துச் சொல்லட்டும். பெரும்பாலும் நீங்கள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

பிறகு ஆசிரியருக்கு எழுதுங்கள். பலரும் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பும் விளக்கமும் எழுதி, கடைசியில் அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள். சுருக்கமாக இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய அம்மா, நான் உங்கள் முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பு மாணவி. சில வாரங்களாக உடல்நலம் சரியில்லாததால் இரண்டு அசைன்மென்ட்களைத் தர முடியவில்லை. இப்போது பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் உதவி பெறுகிறேன். அவற்றை முடித்துத் தர எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடுவேன். இந்த வாரம் உங்களைப் பத்து நிமிடம் சந்திக்கலாமா?"

நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "உடல்நலம்" என்பதில் பொய்யும் இல்லை.

அவகாசம், தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, வருகைப்பதிவில் தளர்வு, பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒரு செமஸ்டர் விடுப்பு என்று பல்கலைக்கழகங்களில் பல ஏற்பாடுகள் இருக்கும். எல்லாம் எல்லா இடத்திலும் இருக்காது, விதிமுறைப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: தேர்வுக்கு முன் கேட்டால் கிடைப்பது எளிது, தோற்றபின் கேட்டால் கடினம். மருத்துவச் சான்றிதழும் அந்தந்தச் சமயத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போய், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதித் தரச் சொன்னால் எந்த மருத்துவரும் தயங்குவார்.

விடுப்பு எடுப்பதா வேண்டாமா என்பதை மோசமான நாளில் முடிவுசெய்யாதீர்கள். எடுத்தால் உதவித்தொகை, ஹாஸ்டல் இடம், வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசா, இவை என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுப்பில் என்ன சிகிச்சை, எப்போது திரும்புவது என்ற திட்டமும் வேண்டும். திட்டமில்லாமல் வீட்டில் கதவடைத்துக் கிடந்தால் சிலருக்கு நோய் கூடுகிறது. அதே சமயம், நோய் முற்றிய நிலையில் பிடிவாதமாக எல்லாத் தேர்வும் எழுதி எல்லாவற்றிலும் தோற்பதைவிட, ஒரு செமஸ்டர் விட்டுத் தேறி வருவது மேல் என்பதே என் கருத்து.

அன்றாடத்தில் இரண்டு மூன்று

எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்தால், தூக்கம் சில வாரங்களில் தன் இடத்துக்கு வரும். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்துக்கும் உடலில் இருக்கிறது. மது தூங்க வைப்பதுபோல் தூங்க வைத்து நடு இரவில் எழுப்பிவிடும், மறுநாள் மனமும் கீழே இறங்கும். மனம் வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், குளிப்பது, இருபது நிமிடம் நடப்பது, ஒருவரோடு சேர்ந்து சாப்பிடுவது ஆகியவற்றை நேரம் குறித்துச் செய்யுங்கள். செயல் முன்னே போனால் மனம் பின்னால் வரும். உளவியல் சிகிச்சையிலேயே இதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

நண்பருக்கு என்றால்

அதிகம் பேசியவர் பேசாமல் போவது, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, விடைபெறுவதுபோல் மெசேஜ் அனுப்புவது, நெடுநாள் தவிப்புக்குப் பின் திடீர் அமைதி. இவற்றைக் கண்டால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்.

"கொஞ்ச நாளா நீ யார்கூடவும் பேசறதில்ல, வகுப்புக்கும் வர்றதில்ல. எனக்குக் கவலையா இருக்குடா. செத்துடலாம்னு ஏதாவது தோணுதா?"

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்கும். ஆம் என்று பதில் வந்தால் அறிவுரை சொல்லாதீர்கள், வீட்டாரை நினைத்துப் பார் என்று குற்ற உணர்வை ஏற்றாதீர்கள். கேளுங்கள். தனியாக விடாதீர்கள். அவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பயன்படுத்தக்கூடியவற்றை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அவரோடு சேர்ந்தே உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிர் விஷயத்தில் மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், சொல்லும்போது உன்கூடவே இருப்பேன்" என்று சொல்லலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த வரிகளைப் படிக்கும் உங்களுக்கே இப்போது அந்த எண்ணம் இருந்தால், கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு, பதிந்து வைத்த எண்ணை அழையுங்கள், அல்லது அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள். அந்தக் கணத்தின் வேகம் பெரும்பாலும் தணியக்கூடியது. அது தணியும்வரை உங்களோடு ஒருவர் இருக்க வேண்டும்.

வீட்டில் சொல்வது

எல்லோரும் வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வீடே காயத்தின் காரணமாக இருப்பவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. சொல்வதென்றால் நோயின் பெயரில் தொடங்காமல் தூக்கத்திலும் உடம்பிலும் தொடங்குங்கள். "அம்மா, ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல, படிச்சது மனசுல நிக்கல. டாக்டர்கிட்ட காட்டினேன். சரியாயிடும்னு சொல்றாங்க, கொஞ்ச நாள் ஆகுமாம். நீங்க தினமும் ராத்திரி ஒரு தடவை பேசினா போதும்." பதறுகிற பெற்றோருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தால் பதற்றம் குறையும். அப்பாவிடம் நேரே சொல்ல முடியாவிட்டால் அவர் மதிக்கும் அத்தையோ மாமாவோ முதலில் கேட்கட்டும். ஆலோசகரே பெற்றோரோடு பேசவும் ஏற்பாடு செய்யலாம், உங்கள் சம்மதத்தோடு.

தேறி வரும்போது

கொஞ்சம் தெளிவு வந்ததும் ஆலோசகரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எனக்கு மறுபடி மோசமாகிறது என்பதற்கான முதல் அடையாளம் என்ன, அப்போது நானே செய்துகொள்ளக்கூடியது என்ன, யாரோடு இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் உதவி கேட்பேன், எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பேன், என் அறையில் எதை வைத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இந்த ஆறு கேள்விகளைத்தான் கேட்கிறது. ஒரு படியை அறைத்தோழரிடம் கொடுத்து வையுங்கள்.

செமஸ்டர் விடுமுறையில் ஆலோசனை மையம் மூடியிருக்கும், மருந்து பாதியில் தீரும், வழக்கமான நாளொழுங்கும் கலையும். விடுமுறை முழுவதற்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் வாரத்துக்கான சந்திப்பையும் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.